நாற்பதுக்கு நாற்பது

காலை ஒன்பது மணிக்கு, ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில், மாப்பிள்ளையின் இடது முழங்கால் மயிரிழையில் தப்பியது. ஸ்கூட்டரை அவன் உள்ளே திருப்புவதற்கும் ஒரு பச்சைக் கார் அவனை உரசிக்கொண்டு நுழைவதற்கும் சரியாக இருந்தது. ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி கழன்று விழுந்து நொறுங்கியது. கார் நிற்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போல மெதுவாக ஊர்ந்து கட்டடத்தின் பின்பக்கம் போய் மறைந்தது.

“யோவ், கண்ணு தெரியலையாய்யா உனக்கு?”

அவன் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். பதில்தான் வரவில்லை.

பின்சீட்டிலிருந்து அத்தை நிதானமாக இறங்கினார். “முட்டியில அடி இல்லையே? அப்ப வாங்க மாப்பிள்ளை. கண்ணாடியை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“என் முட்டியைவிட அந்தக் கண்ணாடிக்கு விலை ஜாஸ்தி அத்தை.”

“இருக்கலாம். ஆனா முட்டி கடையில கிடைக்காது.”

அத்தை என்றால் அவன் மனைவியைப் பெற்றவர். இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து, கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் லட்சக்கணக்கில் சிவப்பு மையால் டிக் அடித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும் அவனையும் சேர்த்துக்கொண்டார். மற்றவர்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்வதற்குள், ‘நான் ஆபீஸோடு மாப்பிள்ளை’ என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். வாய் அவனுக்கு அப்படி. வாயைத் தவிர வேறு தகுதி எதுவும் அந்த வேலைக்கு அவனிடம் இருந்ததாக அவனுக்கே நம்பிக்கை இல்லை.

இயக்குநரின் அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. அவர் இரண்டு தாள்களை மேஜைமேல் தள்ளினார். இரண்டிலும் வரிசையாக எண்கள்.

“எங்க வேலையைச் சுருக்கமா சொல்லிடறேன் டீச்சர். ஒரே இனத்துப் பட்டாம்பூச்சி. பின் இறக்கையோட அடிப்பக்கத்துல கறுப்புப் புள்ளி இருக்கும். ஒண்ணுக்கு மூணு இருக்கும், ஒண்ணுக்கு அஞ்சு இருக்கும், ஒண்ணுக்கு எதுவுமே இருக்காது. எந்த இடத்துப் பூச்சிக்கு எத்தனைன்னு ஏழு வருஷமா எண்ணிக்கிட்டிருக்கோம்.”

“ஏழு வருஷமாவா? விரல் விட்டு எண்றீங்களா சார்?” என்றான் மாப்பிள்ளை.

பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் இயக்குநர் அவனைப் பார்த்தார். “எண்ணுறது அவ்வளவு லேசில்ல தம்பி. சில புள்ளி பாதி அழிஞ்சிருக்கும். புள்ளியா அழுக்கான்னே தெரியாது. நீங்க மூணும்பீங்க, உங்க அத்தை நாலும்பாங்க. அதனால ஒவ்வொரு பெட்டியையும் ரெண்டு பேர் தனித்தனியா எண்ணணும். ஒருத்தர் தாளை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. ரெண்டு தாளும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்துத்தான் வெளியில எங்களை நம்புவாங்க.”

“ஒத்துப்போகலையா?” என்றார் அத்தை.

“ஒத்துப்போகுது. அதான் தலைவலி. ஒரு பெட்டிக்கு நாற்பது பூச்சி. இந்த வருஷம் முப்பத்தி நாலாம் பெட்டி வரைக்கும் நாற்பதுல முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு ஒத்துப்போச்சு. கடைசி ஆறு பெட்டியில நாற்பதுக்கு நாற்பது.”

“சந்தோஷப்பட வேண்டிய விஷயமாச்சே,” என்றான் மாப்பிள்ளை. “கை தேறியிருக்கும்.”

அத்தை தலையை ஆட்டினார். “பரிட்சைப் பேப்பரை ரெண்டு பேர் தனித்தனியா திருத்துவோம் மாப்பிள்ளை. விடை தப்பா இருந்தாலும் வழிக்கு மார்க் உண்டு. அந்த வழி மார்க்குல நான் மூணு போடுவேன், இன்னொருத்தர் ரெண்டு போடுவார், சண்டை வரும். சண்டையே வராத கட்டு ஒண்ணு வந்துச்சுன்னா, ரெண்டாவது ஆள் பேப்பரைத் திறக்கவே இல்லைன்னு அர்த்தம்.”

“அதேதான்,” என்று இயக்குநர் சாய்ந்து உட்கார்ந்தார். “எண்ணுறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் பதினெட்டு வருஷமா இங்க இருக்கார். கழுகுன்னு கூப்பிடுவோம். அவர் கண்ணை வெச்சுத்தான் மத்தவங்க கண்ணை அளக்கிறோம். இன்னொரு பொண்ணு, ஏழு வருஷமா ஒப்பந்தத்துல இருக்கு. கொண்டையில பென்சில் சொருகிக்கிட்டே திரியும், அதனால பென்சில். ஒரு மணிக்குக் கமிட்டி கூடுது. காப்பி அடிச்சதுக்காக அந்தப் பொண்ணை அனுப்பிடுவாங்க. ஏழு வருஷ வேலையிலயும் அதோட பெயரை எடுத்துடுவாங்க. வெளி ஆள் ஒருத்தர் பார்த்து ஒரு அறிக்கை குடுத்தா முறையா இருக்கும்.”

“தீர்ப்பு எழுதியாச்சு. கையெழுத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க,” என்றார் அத்தை.

இயக்குநர் காபி வேண்டுமா என்று கேட்டார்.

எண்ணும் அறையில் பூச்சி உருண்டை வாசம் மூக்கைத் துளைத்தது. கூரைவரை இரும்பு அடுக்குகள், அவற்றில் கைப்பிடி வைத்த கண்ணாடி மூடிப் பெட்டிகள். சுவரோரம் ஒரு மேஜை, அறையின் நடுவில் ஒரு மேஜை. மூலையில், எண்ணுகிறவர்கள் தங்கள் தாள்களை வைத்துப் பூட்ட, ஆளுக்கொன்றாக இரண்டு இரும்பு அலமாரிகள். அவற்றில் ஒன்றிலிருந்து முப்பத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் சாமான்களை அட்டைப்பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் பென்சில் இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமலே, “நீங்களும் கேட்டுடுங்க,” என்றாள்.

“காப்பி அடிச்சியாம்மா?” என்றார் அத்தை.

“இல்ல.”

“சரி.”

அந்த ‘சரி’யை அவள் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். மூன்று நாளாக அவள் ‘இல்லை’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எதிரில் இருந்தவர்கள் அடுத்த கேள்வி கேட்டிருந்தார்கள்.

“வீட்டுல யாரு?”

“அம்மாவும் தம்பியும். இன்னிக்கு ஏதோ மீட்டிங்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. காப்பி அடிச்சவன்னு ஒரு தடவை பெயர் வந்துட்டா வேற எந்த இடத்துலயும் உள்ள விட மாட்டாங்க டீச்சர். இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும்.”

“நீ அடிக்கலைன்னா, அவர் உன்னைப் பார்த்து எழுதியிருக்கணும்.”

பென்சில் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. “கழுகு சாரா? என்னைப் பார்த்தா? அதை வெளியில சொன்னா சிரிப்பாங்க. எனக்கே சிரிப்பா வருது பாருங்க.”

இதற்குள் மாப்பிள்ளை தன் சாவிக்கொத்தோடு அலமாரிகள் பக்கம் போயிருந்தான். ஒரு சாவியைப் போட்டான், பென்சிலின் அலமாரிப் பூட்டு திரும்பியது. பக்கத்து அலமாரியிலும் போட்டான், அதுவும் திறந்துகொண்டது.

“இது எங்க வீட்டு பீரோ சாவி அத்தை. இனிமே அதுல எதையும் வைக்க வேண்டாம்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லணும்.”

“இந்த ரூம்ல எப்பெப்போ யார் இருப்பீங்க?” என்று அத்தை கேட்டார்.

“காலையில ஒன்பதரையிலிருந்து பன்னெண்டு வரைக்கும் அவர். மத்தியானம் ஒண்ணிலிருந்து அஞ்சு வரைக்கும் நான். ஒருத்தர் எண்ணுறப்ப இன்னொருத்தர் இருக்கக் கூடாதுன்னு வெச்ச விதி.”

“பிரமாதமான விதி,” என்றான் மாப்பிள்ளை. “திருடறவங்களுக்கு ஆளுக்குப் பாதி நாள் ஒதுக்கிக் குடுத்திருக்காங்க.”

அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூலகத்தில் போய்க் காத்திருக்கக் கிளம்பினாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கழுகு வந்தார்.

ஐம்பதை நெருங்கும் மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. நேராகச் சுவரோர மேஜைக்கு வந்து, தடுமாறாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரு மரச்சட்டம் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. பெட்டியை அதற்குள் வைத்தால் அசையாது.

“நீங்களே செஞ்சதா?” என்று அத்தை சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆமாங்க. பெட்டி ஒரு நூல் நகர்ந்தாலும் எனக்குப் பிடிக்காது.” பேசும்போது அவர் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். அத்தை நீட்டிய அறிமுக அட்டையையும் வாங்கி ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தலைக்கனம் என்று மாப்பிள்ளை மனதில் குறித்துக்கொண்டான்.

“அந்தப் பொண்ணைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

கழுகு மேஜையைத் தடவினார். “நல்ல பொண்ணுங்க. நிரந்தரமில்லாத வேலை, பயம் இருக்கும். ஏதோ அவசரத்துல செஞ்சிருந்தாலும்... மன்னிச்சு விட்டுடச் சொல்லுங்க. நானே கமிட்டியில கேட்டுக்கறேன்.”

“ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு,” என்றான் மாப்பிள்ளை.

அவர் முகம் சட்டென்று வாடியது. தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். பெரிய மனசு என்று சொன்னதற்கு ஒரு மனிதன் ஏன் முகம் வாட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. அந்த அறையில் ஏதோ ஒன்று அழுகிக்கொண்டிருக்கிறது, பூச்சி உருண்டையால் அந்த வாடையை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது. மணி பத்தேகால்.

“மாப்பிள்ளை, உட்காருங்க,” என்றார் அத்தை. “உங்களுக்கு இன்னிக்குப் பரிட்சை.”

“கணக்கா?”

“எண்ணத் தெரியும்தானே? முப்பத்தி நாலு, முப்பத்தாறு, முப்பத்தெட்டு. மூணு பெட்டி. தாளைப் பார்க்காம நீங்களே எண்ணி எழுதுங்க.”

“அத்தை, எனக்கும் பட்டாம்பூச்சிக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்ல. நான் எண்ணினா என்ன பிரயோஜனம்?”

“இங்க எல்லாரும் கெட்டிக்காரங்க. எனக்கு ஒண்ணும் தெரியாத ஒரு ஆள் வேணும்.”

பாராட்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டே அவன் உட்கார்ந்தான். பெட்டியைச் சட்டத்தில் வைத்து, பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டான். நாலு வரிசை, வரிசைக்குப் பத்துப் பூச்சிகள். இடம் மிச்சம் பிடிக்க, முதல் வரிசையில் தலை மேலே, அடுத்த வரிசையில் தலை கீழே என்று மாற்றி மாற்றிக் குத்தியிருந்தார்கள். கைப்பிடிப் பக்கத்து இடது மூலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூணு, ரெண்டு, நாலு, இது புள்ளியா தூசியா, சரி புள்ளி என்று வைத்துக்கொள்வோம், அஞ்சு. இருபது பூச்சி தாண்டியதும் கழுத்து வலித்தது. அறுபது தாண்டியதும் பேச்சு நின்றுபோனது. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தது அவனுடைய கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடித்தான். அத்தை அவன் தாளையும் பென்சிலின் தாளையும் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்தார். பழைய பழக்கம், கை பறந்தது.

“முப்பத்தி நாலு, இருபத்தேழு சரி. முப்பத்தாறு, இருபத்தெட்டு.”

“ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“முப்பத்தெட்டு, ஒன்பது.”

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிப்போனது. “சத்தியமா அத்தை, அதைத்தான் ரொம்பக் கவனமா எண்ணினேன். கை பழகியிருந்துச்சு.”

அத்தை கழுகின் தாளையும் எடுத்தார். முப்பத்தெட்டில் அவருக்கும் பென்சிலுக்கும் நாற்பதுக்கு நாற்பது. பிறகு மாப்பிள்ளையின் தாளின் கடைசி எண்ணிலிருந்து ஆரம்பித்து, கீழிருந்து மேலாக டிக் அடித்துக்கொண்டே போனார்.

“இருபத்தொன்பது,” என்றார் மெதுவாக. “நீங்க தூங்கல மாப்பிள்ளை. அவங்க பெட்டியைத் திருப்பி வெச்சு எண்ணியிருக்காங்க. நாற்பதாவது பூச்சி ஒண்ணாவதா வந்திருக்கு.”

“ரெண்டு பேருமா?”

“ரெண்டு பேருமே. இன்னிக்கு நீங்க எண்ணுற வரைக்கும் யாரும் கவனிக்கல. ரெண்டு தாளும் ஒத்துப்போச்சுன்னா பெட்டியை எதுக்குப் போய்ப் பார்க்கப் போறாங்க?”

நாலு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழ். அந்தப் பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். வருடக்கணக்காக இதே வேலை செய்கிறவர்கள்தான் அந்தத் தப்பைச் செய்வார்கள். புதியவன் கைப்பிடியைத் தேடுவான்.

“இப்ப அந்தப் பெட்டியை இதே சட்டத்துல திருப்பி வையுங்க,” என்றார் அத்தை.

மாப்பிள்ளை கைப்பிடி சுவர்ப் பக்கம் வரும்படி திருப்பினான். கைப்பிடி சட்டத்தின் பின்கட்டையில் இடித்துக்கொண்டு நின்றது. அழுத்திப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், உட்காரவில்லை. நடு மேஜையில் வைத்தான். அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்ந்தது.

அவன் பெட்டியை விட்டு நிமிர்ந்தான். “அப்ப, இந்தத் தப்பு நடு மேஜையிலதான் பிறந்திருக்கணும்.”

“போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

முப்பத்தெட்டாம் பெட்டியை எண்ணிய நாளில் அறையில் என்ன நடந்தது என்று கேட்டதும் பென்சில் நெற்றியைச் சுருக்கினாள். “மின்விசிறி மாட்ட வந்தாங்க. என் நாற்காலி இருக்கிற பக்கம் ஏணியைப் போட்டுட்டாங்க. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து...” அவள் கை தானாக வாய்க்குப் போனது. “பெட்டியை நான் திருப்பவே இல்ல. ஐயோ, அந்தத் தாள் முழுக்கத் தப்பு டீச்சர். நாற்பது பூச்சியும் தப்பு.”

வேலை போகிற நேரத்திலும் அவளுக்கு அந்த நாற்பது பூச்சிதான் முதலில் வலித்தது. மாப்பிள்ளைக்கு அவள்மேல் அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

“தப்புதாம்மா,” என்றார் அத்தை. “நீ செஞ்ச தப்பு. உன் தாளைப் பார்க்காம அதை வேற யாரும் செய்ய முடியாது.”

பன்னிரண்டரைக்கு அவர்கள் கழுகைத் தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னலோரம் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தெட்டாம் பெட்டியை எங்க உட்கார்ந்து எண்ணினீங்க?” என்றார் அத்தை.

“என் மேஜையிலதான். வேற எங்கயும் நான் உட்கார்றதில்ல.”

“நீங்க செஞ்ச சட்டத்துல?”

“ஆமா.”

“அதுல பெட்டி திரும்பி உட்காராதுங்க. உங்க தாள்ல திரும்பி உட்கார்ந்திருக்கு.”

அவர் வாதாடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்தது பயமா நிம்மதியா என்று மாப்பிள்ளையால் சொல்ல முடியவில்லை.

“நடுவுல ஒரு புள்ளி விழுந்திருக்கு,” என்றார். “ரெண்டு கண்ணுலயும். எதை நேரா பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. ஓரமெல்லாம் தெரியும். சுவர் தெரியும், கதவு தெரியும், எதிர்ல ஆள் நிக்கிறது தெரியும். முகம் தெரியாது. எட்டு மாசமாச்சு. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு எண்ணினேன். அப்புறம் முடியல. அந்தப் பொண்ணு தாளை எடுத்து, போன்ல எழுத்தைப் பெரிசாக்கி, ஓரக்கண்ணால பார்த்து எழுதினேன்.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“பதினெட்டு வருஷமா கழுகுன்னு கூப்பிடுற இடத்துல போய் என்னங்க சொல்றது? வீட்டுலயும் சொல்லல. என் பொண்ணுக்குக்கூடத் தெரியாது.” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தப் பொண்ணு தலையில விழும்னு நினைக்கல. விழுந்தப்புறம், எடுக்கத் தைரியம் வரல.”

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது. காலையில் இதே மனிதர் அவளுக்காக மன்னிப்புக் கேட்டது நினைவுக்கு வந்தது. திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றான்.

“ஒரு மணிக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?” என்றார் அத்தை.

“நானே சொல்றேன்.”

சொன்னார். கமிட்டி அறையில், இயக்குநரும் மற்ற இருவரும் உட்கார்ந்திருக்க, கதவோரம் பென்சில் நிற்க, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது என்று மாப்பிள்ளை மூச்சு விட்டான். முடியவில்லை.

இயக்குநர் சிரித்தார். “உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணைக் காப்பாத்த இப்படி ஒரு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. உங்க கண்ணுல கோளாறுன்னா நாங்க நம்பணுமா?” மற்ற இருவரும் தலையாட்டினார்கள். “டீச்சர், நீங்களும் இவர் பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டீங்க.”

அத்தை முப்பத்தெட்டாம் பெட்டியையும், மூன்று தாள்களையும், சட்டத்தையும் பற்றி விளக்கினார். இயக்குநர் கேட்டுக்கொண்டார். ஆனால் கேட்டது அவர் காது மட்டும்தான். பதினெட்டு வருட நம்பிக்கைக்கு முன்னால் ஒரு மரச்சட்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

“பெட்டியைக் குடுங்க,” என்றார் கழுகு.

மாப்பிள்ளை கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியை அவர் முன்னால் வைத்தான். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டார். குனிந்தார். தலையை வலப்பக்கம் சாய்த்தார், இடப்பக்கம் சாய்த்தார். ஓரத்தில் தெரிந்தது நேரே பார்த்ததும் ஓடிப்போயிருக்க வேண்டும், மறுபடி தலையைத் திருப்பினார். ஒரு நிமிடம் போனது, இன்னொன்றும் போனது. கண்ணாடிமேல் அவர் மூச்சுக்காற்று படிந்தது.

“முதல் பூச்சி. எத்தனை?” என்றார் இயக்குநர். அவர் குரலில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“பூச்சி இருக்கிற இடம் தெரியுது,” என்றார் கழுகு. “எத்தனை புள்ளின்னு தெரியல.”

“நல்லா பாருங்க...”

“சார், போதும்,” என்றாள் பென்சில். முன்னால் வந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளைக் காப்பாற்றியது அந்தக் காட்சிதான், ஆனால் அதற்குமேல் அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. கமிட்டியார் மூவரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். அவளை வேலையிலிருந்து அனுப்புவது என்று முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை இயக்குநர் நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசி ஆறு பெட்டியையும் திரும்ப எண்ண வேண்டும், பென்சில் இருந்து எண்ணட்டும், இன்னொரு ஆளைத் தேட வேண்டும் என்றார்.

“முப்பத்தெட்டுல நான் செஞ்ச தப்பையும் எழுதிக்கங்க,” என்றாள் பென்சில். பிறகு கழுகின் பக்கம் திரும்பினாள். “நான் செய்யாத தப்புக்கு எனக்காக மன்னிப்புக் கேட்டீங்களாமே சார். அதை மட்டும் நீங்க செஞ்சிருக்கக் கூடாது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடி தன் பக்கம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, வெளியே போனாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. உடைந்த கண்ணாடிச் சில்லுகளை மாப்பிள்ளை காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். “நாற்பதுக்கு இருபத்தொன்பது அத்தை. அந்த இன்னொரு ஆள் வேலைக்கு நானே விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன்.”

“போடுங்க. அங்கே வாய் திறக்காம எண்ணணும்.”

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கழுகு சுவரைத் தொட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். அவர்களுக்கு நாலடி தூரத்தில் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கார் சாவியை எடுத்தார்.

“ஸ்கூட்டர்க்காரர் நீங்கதானே? குரலை வெச்சுத்தான் காலையிலயே கண்டுபிடிச்சேன்,” என்றார் மாப்பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தபடி. “பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு வந்துக்கிட்டிருந்தேன். வாசல்ல ஏதோ உரசுச்சு. நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க. நல்லாவே காதுல விழுந்துச்சு. அப்பவே வண்டியை நிறுத்திப் பதில் சொல்லியிருக்கணும்.”

எட்டு மாதம், தினமும் இரண்டு தடவை என்று மாப்பிள்ளையின் மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அவன் அதை நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

“மூணரைக்கு ஸ்கூல் விடும்,” என்று கழுகு சாவியை நீட்டினார். “பச்சைக் காரைப் பார்த்ததும் அவளே ஓடி வந்து பின்சீட்டுல ஏறிக்குவா. நான் ஏன் ஓட்டலைன்னு கேட்பா. வழியிலயே நான் சொல்லிடறேன். நீங்க ஓட்டறீங்களா?”

மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டான். பிறகு அவர் கையைப் பிடித்து, கட்டடத்தின் பின்பக்கம் கார் நிற்கிற இடத்துக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போனான்.